பாதித் தளத்தில் ஒரு ஜெபம்

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், என் இடுப்பைத் தவிர. அது மட்டும் இன்னும் மலையிலிருந்து இறங்கி வரவில்லை. நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ட்யூட்டி முடிந்ததும் போனை நோண்டாமல் தூங்குகிறாய் என்று நம்புகிறேன், நம்பிக்கைதானே கிறிஸ்தவ வாழ்க்கை. நாங்கள் மலைக்குப் பள்ளிக்கூடம் கட்டப் போன கதையை நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய். போனில் சொன்னால் நடுவில் நீ சிரிப்பாய், உன் அப்பா பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்துவார். காகிதத்தில் என்னை யாரும் குறுக்கே வந்து நிறுத்த முடியாது, அதனால் எழுதுகிறேன்.

ஊழியப் பயணம் என்று சபையில் அறிவித்ததும் இருபத்தாறு பேர் பெயர் கொடுத்தோம். அதில் செங்கல்லைக் கையால் தொட்டவர் ஒருவர்கூட இல்லை. நான் தையல்காரி, உன் அப்பா கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர், ஒரு பல் டாக்டர், மிச்சம் பாதிக்கு மேல் பாடகர் குழு. எல்லோருக்கும் ஒரே அளவில் பனியன் அடித்துக் கொடுத்தார்கள். போதகருடையதை மட்டும் நான் இரண்டு பக்கமும் பிரித்துத் துணி வைத்துத் தைத்தேன். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன்னையும் உன் அத்தையையும் பாடகர் குழுவையும் தவிர. போய்ச் சேர்ந்த அன்று, அந்தப் பள்ளிக்கூடத்தைத் தனி ஆளாக நடத்துகிற டீச்சர் சுற்றிக் காட்டினார். நாலு சுவர் நிற்கிறது, பழைய தகரக் கூரை காற்றில் போய்விட்டது. நாற்பத்துமூன்று பிள்ளைகள். பள்ளி திறக்கும்போது அதிகாரி வந்து பார்ப்பாராம், ஒழுகாத கூரை இல்லையென்றால் அனுமதி ரத்தாம். அடுத்த பள்ளிக்கூடம் கீழே இரண்டு மணி நேர நடை. "பெரிசுங்க எப்படியும் நடந்துடுங்க, சின்னதுங்கதான் வீட்டோட நின்னுடும்" என்று சொல்லிவிட்டு எங்கள் பனியன்களை ஒருமுறை பார்த்தார். துணியே கொண்டுவராமல் சட்டை தைத்துத் தரச் சொல்கிறவர்களை நான் கடையில் பார்ப்பேனே, அதே பார்வை.

எங்களுக்கு மேஸ்திரி கொடுத்த வேலை தூக்குவது மட்டும்தான். ஜல்லி தூக்கினோம், மணல் தூக்கினோம், மூன்றாம் நாள் பல் டாக்டரையே தூக்கினோம். உன் அப்பா எதையும் தூக்காமல், கலவைச் சட்டி சுமந்து வருகிறவர்களை "பின்னால பாத்துட்டுத் திரும்பு, மெதுவா, மெதுவா" என்று ஓட்டிக்கொண்டிருந்தார். கூரைத் தளம் போடுகிற அன்று காலையில் மேஸ்திரி எங்களை வரிசையில் நிறுத்தி ஒரே ஒரு விஷயம் சொன்னார். "ஆரம்பிச்சா முடியற வரைக்கும் நிக்கக் கூடாதுங்க. பாதியில ஆற விட்டா புதுக் கலவை பழசோட ஒட்டாது, அந்தக் கோட்டுல தண்ணி இறங்கும்." புரிந்தது என்று எல்லோரும் தலையாட்டினோம். பெரிதாக ஆட்டியது நம் போதகர்.

மத்தியானம் சரிபாதி தளம் முடிந்திருந்தது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. போதகர் தளத்தின்மேல் நின்று முடிந்ததைப் பார்த்தார், முடியாததைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "பாதி வந்துட்டோம், ஒரு நிமிஷம் நன்றி சொல்லிடுவோம்" என்றார். நம் ஜனங்களைத்தான் உனக்குத் தெரியுமே, கண்ணை மூடு என்றால் கையில் குழந்தையே இருந்தாலும் கீழே வைத்துவிட்டு மூடுவார்கள். அத்தனை சட்டியும் கீழே இறங்கியது. சத்தமாக இருக்கிறதென்று கலவை மெஷினையும் உன் அப்பாதான் ஓடிப்போய் நிறுத்தினார், அதை மறக்காமல் எழுதுகிறேன். மேஸ்திரி நம் சபை ஆள் இல்லை, ஆனாலும் மரியாதைக்குத் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷம் என்றதை நம்பிவிட்டார், பாவம், நம் போதகருக்குப் புதுசு.

நான் ஜெபத்தில் கண் மூடுவதில்லை என்று சின்ன வயதில் நீதானே சபை நடுவில் போட்டுக்கொடுத்தாய். அன்றும் திறந்துதான் வைத்திருந்தேன். தளத்தின் ஓரம் ஈரம் வற்றி வெளுத்துக்கொண்டே வந்தது. மேஸ்திரி மெல்ல என் பக்கம் நகர்ந்து, "இன்னும் எவ்வளவும்மா?" என்றார். "இப்பதான் நாடுகளுக்கு வந்திருக்காரு. இன்னும் அரசாங்கம் இருக்கு, அப்புறம் சீக்காளிங்க, பிரயாணம் போறவங்க, கடைசியா கல்யாணமாகாத பிள்ளைங்க" என்றேன். அந்த மனுஷன் முகத்தில் ஒரு கட்டடமே இடிந்து விழுந்தது. நிறுத்தச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எனக்கு மட்டும் வந்ததா? போதகர் கல்யாணமாகாத பிள்ளைகளைப் பெயர் சொல்லி வாசிக்க ஆரம்பித்து, உனக்கு முந்தின பெயர் வரைக்கும் வந்துவிட்டார். அப்போதுதான் என் வாய் தானாகத் திறந்து, மலையே அதிரும்படி "ஆமென்!" என்றது. பழக்க தோஷம், எல்லோரும் கோரஸாக ஆமென் சொல்லிச் சட்டியைத் தூக்கிவிட்டார்கள். உனக்கு வரவேண்டிய மாப்பிள்ளையை நான் அங்கே தடுத்திருந்தால் மன்னித்துவிடு. முப்பத்தைந்து நிமிஷம் போயிருந்தது. மெஷினுக்குள் இறுகினதைக் கொத்தி எடுக்க இன்னும் அரை மணி.

திரும்பி வருகிற வண்டியில் போதகர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாடகர் குழு, "கடவுளோட பேசறவரையே வெட்டிட்டாளே" என்று என் காது கேட்கவே பேசியது. உன் அப்பா என்னைத் தெரியாதவரைப்போல முன் சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். மூன்று வாரம் கழித்து, தளத்தைத் தாங்கின முட்டுப் பலகையைப் பிரிக்கிறார்கள் என்று போதகர், நான், உன் அப்பா மூன்று பேரும் மறுபடி போனோம். தளம் நன்றாக இறுக மேலே தண்ணீர் கட்டி நிறுத்தியிருந்தார்கள். பலகையை எடுத்ததும் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறோம், சுவருக்குச் சுவர் நேராக ஒரு ஈரக்கோடு, நான் துணியில் சாக்குக்கட்டி வைத்து இழுத்தால்கூட அவ்வளவு நேராக வராது. அதிகாரி வரப் பத்து நாள்தான் இருந்தது. டீச்சர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் தேவலை. மேஸ்திரி மேலே ஏறி அந்தக் கோடு முழுக்க வெட்டிப் புதுசாக அடைத்து, காய விட்டு, மறுபடி மூன்று நாள் தண்ணீர் நிறுத்தச் சொன்னார். தண்ணீர் சுமந்தது போதகர். வாளி வாளியாக, ஏணியில், வாய் திறக்காமல். அவர் அத்தனை நேரம் பேசாமல் இருந்ததை நான் பார்த்ததே இல்லை. மூன்றாம் நாள் கீழே காய்ந்திருந்தது, ஆனாலும் ஒரு நல்ல மழை பார்க்காமல் நம்ப முடியாது என்றார் மேஸ்திரி.

போன வியாழக்கிழமை அதிகாரி வந்த அன்று அங்கே மழையாம். நனைந்தது அவர் மட்டும்தான், வகுப்புக்குள் ஒரு சொட்டு இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று டீச்சர் போனில் சொல்லும்போது பின்னால் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பாதி காதில் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் போதகர் என்னை நிறுத்தினார். சரி, வட்டியும் முதலுமாக வாங்கப்போகிறோம் என்று நின்றேன். "அன்னைக்கு நீங்க கண்ணை மூடலையா?" என்றார். "மூடலைங்கய்யா" என்றேன். "கலவை காயறதை ஆரம்பத்துலேயே பாத்துட்டீங்களா?" "பாத்தேங்கய்யா." கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் மாதிரி, "அப்புறம் ஏம்மா முப்பத்தஞ்சு நிமிஷம் சும்மா நின்னீங்க?" என்றார். ஊர் வாயையெல்லாம் தைக்கிற நான் செருப்பைத் தேடுகிறவளைப்போலக் குனிந்துகொண்டேன். நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்றுதான் நின்றேன். அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, உன்னிடம் சொல்லிவிட்டேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கைபட்ட நோயாளிகளெல்லாம் எழுந்து நடக்கட்டும். அந்த வார்டில் பெரிய டாக்டர் ஏதாவது தப்பாக எழுதினால் முதல் நிமிஷத்திலேயே வாயைத் திற, அம்மாவைப்போல நிற்காதே. குளிருக்குக் கம்பளிச் சட்டை அளவு கேட்டு இரண்டு மாதமாகிறது, அதையும் அனுப்பு.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
(உன் அப்பா தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, மெஷினை நிறுத்தினதை அடிக்கச் சொல்கிறார். அடிக்கவில்லை.)