பன்னிரண்டு அல்ல, நான்கு

என் அன்பிற்கும் மரியாதைக்கும் உரியவருக்கு,

நானும் நம் பெண்ணும் நலம். உங்கள் நலத்தைக் காலையும் மாலையும் ஆண்டவனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ரத்த அழுத்த மாத்திரை நேற்றோடு தீர்ந்திருக்கும். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் டிரைவரிடமே பத்து நாளைக்கான மாத்திரையும் கொடுத்தனுப்புகிறேன். சட்டசபை உறுப்பினர் விடுதிச் சாப்பாட்டில் உப்பு அதிகம் என்றீர்கள். அதற்கு இங்கிருந்து நான் ஒன்றும் செய்ய முடியாது. நீங்களாவது மேலே தூவிக்கொள்ளாமல் இருங்கள்.

சமையலறைக் குழாய் ஒழுகியதற்கு வாஷர் மாற்றியாயிற்று. பிளம்பர் கூலி வாங்கவே மாட்டேன் என்றார். பன்னிரண்டு கோடியைக் கண்டுபிடித்தவர் வீட்டில் கை நீட்டினால் நன்றாகவா இருக்கும் என்று கேட்டார். பிடிவாதமாகக் கையில் திணித்து அனுப்பினேன். தெரு முழுக்க உங்கள் படத்தோடு 'பன்னிரண்டு கோடி எங்கே?' என்று போஸ்டர். கட்சிக்காரர்கள் அவசரத்தில் நம் கேட்டிலும் ஒன்றை ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அதைப் பார்த்த நம் பெண், "அம்மா, நம்ம வீட்டு வாசலுக்கே வந்து கேக்கறாங்க. எடுத்து வச்சிருந்தா குடுத்துடு" என்றாள். அன்றைக்கு நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் போனை எடுக்கும்போதெல்லாம் பக்கத்தில் நாலு பேர் இருக்கிறார்கள். எதைச் சொன்னாலும் "சரி, சரி" என்று வைத்துவிடுகிறீர்கள். இது சரி சரி என்று வைத்துவிடக்கூடிய விஷயம் இல்லை. அதனால் சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். பன்னிரண்டு கோடி என்று ஒரு தொகை எங்குமே இல்லை. அது தப்புக் கணக்கு. தப்பு என்னுடையது.

நினைத்துப் பாருங்கள். பட்ஜெட் புத்தகங்களைக் கட்டாகக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் இறக்கி, "எட்டாவதோட நின்னவங்கிற பேச்செல்லாம் வேணாம், இருபத்திரண்டு வருஷமா இந்த வீட்டுக் கணக்குல ஒரு பைசா இடிச்சதில்ல, நீயே பாரு" என்றீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். பத்து நாள் உட்கார்ந்தேன். புரியாத வார்த்தைகளைத் தனியாகக் குறித்துக்கொண்டு, நம் பெண்ணிடம் கேட்டு, அகராதியைப் புரட்டி, பக்கம் பக்கமாகப் படித்தேன். நம் மாவட்ட மருத்துவமனைக்கு டயாலிசிஸ் இயந்திரங்கள் வாங்க நாலு கோடி என்று மூன்று வருடப் புத்தகத்திலும் இருந்தது. செலவு என்ற இடத்தில் மூன்று வருடமும் ஒன்றுமில்லை. நம் வீட்டு நோட்டில் நான் எப்படிச் செய்வேனோ அப்படியே செய்தேன். ஒதுக்கி வைத்துச் செலவழியாததை அடுத்த மாதத்தோடு சேர்த்துக்கொண்டே போவேன் அல்லவா, அதே மாதிரி நாலும் நாலும் நாலும் கூட்டி, பன்னிரண்டு கோடி எங்கேயோ இருக்க வேண்டும் என்று அடியில் கோடு போட்டு எழுதிக் கொடுத்தேன்.

நீங்கள் போன திங்கட்கிழமை சபையில் பேசியதை நானும் நம் பெண்ணும் டிவியில் பார்த்தோம். உறுப்பினர்களுக்குப் புதிய வரவேற்பு மண்டபம் கட்டப் பத்தொன்பது கோடி, அதுவும் வருட நடுவில் கேட்டு வாங்கிய பணம். மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு, அதே பஸ்ஸில் வாந்தி எடுத்தபடி திரும்புகிறவர்களுக்கு ஓர் இயந்திரம்கூட இல்லை என்றீர்களே, அதுவரை ஒவ்வொரு சொல்லும் சத்தியம். அதற்குப் பிறகு விரலை நீட்டி, "அந்தப் பன்னிரண்டு கோடியைத் தின்றது யார்?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வி நான் எழுதிக் கொடுத்ததில் இல்லை. ஆனால் அதற்கு வழி செய்தது என் கணக்குதான். மறுநாள் பேப்பரில் உங்களுக்குக் 'கணக்குப் புலி' என்று பட்டம் கொடுத்திருந்தார்கள். அதைக் கத்தரித்து எடுத்து வைத்தேன்.

புதன்கிழமை மருத்துவமனைக் கணக்கரைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். உங்களுக்குச் செய்தி வந்திருக்கும். முதல் வெற்றி என்று உங்கள் கட்சித் தலைவர் பேட்டியும் கொடுத்துவிட்டார். அந்தக் கணக்கர் நேற்று மதியம் நம் வீட்டுக்கு வந்தார்.

சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துக் கதவைப் பாதிதான் திறந்தேன். ஒல்லியான மனிதர். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம். துணிப்பையில் ஒரு கோப்பு. உங்களைப் பார்க்க வேண்டும் என்றார். ஊரில் இல்லை என்றதும், அந்தத் தொகை எந்தப் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது என்றாவது தெரியுமா, அது தெரிந்தால் விசாரணையில் பதில் சொல்ல வசதியாக இருக்கும் என்றார். நான் என் நோட்டைக் கொண்டுவந்து காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார். கையெழுத்து அழகாக இருக்கிறது, யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் என்றேன்.

நோட்டை மூடி என் பக்கம் நகர்த்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அம்மா, உங்க நோட்டுல மிச்சம் இருந்தா அது அடுத்த மாசத்துக்குப் போகும். எங்க நோட்டுல மிச்சம் இருந்தா வந்த வழியே திரும்பிப் போயிடும். வருஷக் கடைசி நாளோட அந்த நாலு கோடி கஜானாவுக்கே போச்சு. அடுத்த வருஷம் புதுசா அதே நாலு கோடியைப் போட்டாங்க. அதுவும் போச்சு. பன்னண்டுன்னு ஒண்ணு இருந்ததே இல்லம்மா. ஒரே நாலு கோடிதான், மூணு தடவை வந்துட்டுப் போச்சு."

கோப்பைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு வருடமும் அவர் எழுதிய கடிதத்தின் நகல். இயந்திரம் வாங்க அனுமதி கேட்டுத் தலைநகருக்கு அனுப்பிய கோப்பு இன்னும் வரவில்லை, வருட முடிவு நெருங்குகிறது, தயவுசெய்து கவனியுங்கள் என்று. முதல் வருடம் இரண்டு கடிதம். இரண்டாம் வருடம் ஐந்து. மூன்றாம் வருடம் ஒன்பது. எதற்கும் பதில் இல்லை. மண்டபத்துக்கான கோப்பு பத்தொன்பது நாளில் எல்லா மேசையையும் கடந்துவிட்டது என்றார். கோடிக்கு ஒரு நாள் போலிருக்கிறது என்று தானே சொல்லிச் சிரித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதெல்லாம் அமைச்சருக்குத் தெரியாதா, ஏன் சபையிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "மூணு வருஷம் அறிவிச்சு மூணு வருஷமும் வாங்கலன்னு எந்திரிச்சுச் சொல்றதுக்கு, கீழ ஒருத்தன் தின்னுட்டான்னு விசாரணை போடறது சுலபம்மா. உங்க வீட்டுக்காரர் அவருக்குக் கை குடுத்துட்டார்."

நீங்கள் அடிக்கப்போன ஆளுக்கே குடை பிடித்திருக்கிறீர்கள். குடையைத் தைத்துக் கொடுத்தவள் நான்.

அவர் போன பிறகு பிரார்த்தனையில் உட்கார்ந்தேன். வழக்கமான சொற்கள் வாயில் வந்தன, மனதில் ஒன்றும் இறங்கவில்லை. அந்த மனிதர் எழுதிய பதினாறு கடிதத்தைப் படிக்காமல் போட்டவர்கள் ஒரு பக்கம். ஒரே ஒரு முறை அந்த அலுவலகத்துக்குப் போய்க் கேட்காமல் கூட்டிப்போட்ட நான் இன்னொரு பக்கம். மருத்துவமனை நம் வீட்டிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம்தான். அகராதியைப் பார்க்கத் தெரிந்த எனக்கு ஆளைப் பார்த்துக் கேட்கத் தோன்றவில்லை.

நாளை சபை கூடுகிறது. எழுந்து நின்று, நான் சொன்ன தொகை தவறு என்று சொல்லிவிடுங்கள். சிரிப்பார்கள். மேசையைத் தட்டுவார்கள். நாளை மறுநாள் பேப்பரில் புலியை என்னவாக மாற்றி எழுதுவார்களோ தெரியாது. உங்கள் தலைவர் கோபப்படுவார். ஒட்டிய போஸ்டரை யார் கிழிப்பது என்று கேட்பார். நம் கேட்டில் இருந்ததை நான் இன்று காலை தண்ணீர் ஊற்றி உரித்துவிட்டேன். எல்லாம் அடங்கிய பிறகு, அந்த நாலு கோடியை மூன்று முறை அறிவித்து ஒரு முறையும் செலவழிக்காதது ஏன் என்று கேளுங்கள். பன்னிரண்டைவிட அந்த நாலுக்குத்தான் அவர்களால் பதில் சொல்ல முடியாது. கணக்கரிடம் வாங்கிய பதினாறு கடிதத்தின் நகலையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எழுத்தர் பிழை, உதவியாளர் பிழை என்று சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் அது மறுபடியும் மேசைக்குக் கீழே இருக்கும் யாரோ ஒருவர் தலையில்தான் விழும். என் மனைவி கூட்டினாள், நான் சரிபார்க்காமல் படித்தேன் என்று சொல்லுங்கள். எனக்கு வருத்தம் இல்லை. கடைத்தெருவில் நாலு பேர் கேட்டால் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

உங்களிடம் மறைக்கக் கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன். தப்பு எப்படி நடந்தது என்று ஒரு தாளில் விவரமாக எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, இன்று காலை கணக்கர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அவருடைய விசாரணை செவ்வாய்க்கிழமை. முதலில் வாங்க மறுத்தார். "ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து, அந்தத் தாளை வாங்கி உள்ளே கொண்டுபோனார். திருப்பிக் கேட்கமாட்டேன். நீங்கள் சொன்னாலும் கேட்கமாட்டேன். இத்தனை வருடத்தில் உங்களைக் கேட்காமல் நான் போட்ட முதல் கையெழுத்து இது. கோபம் வந்தால் வீட்டுக்கு வந்து கோபித்துக்கொள்ளுங்கள். வந்து எத்தனை வாரம் ஆகிறது.

நாளைக் காலை பதினொரு மணிக்கு நானும் நம் பெண்ணும் டிவி முன்னால் இருப்போம். நீங்கள் எழுந்திருக்காவிட்டாலும் சேனலை மாற்றமாட்டேன், கடைசிவரை பார்த்துக்கொண்டிருப்பேன். செவ்வாய்க்கிழமை என் தாள் பேசுவதற்கு முன்னால், திங்கட்கிழமை உங்கள் வாய் பேச வேண்டும். அதற்கான ஒரு நிமிடத்தையும், அந்த ஒரு நிமிடத்துக்கான தைரியத்தையும் ஆண்டவன் உங்களுக்குத் தரட்டும்.

என்றும் உங்கள்,
இல்லத்தாள்