செல்விக்குச் சுட்டது

ஐப்பசி 12, புதன்

இன்று காலை நான் நீட்டிய டீ டம்ளரைத் தொட்டதும் செல்வி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். "ஏங்க, சுடுது" என்றாள்.

என் மனைவி கொதிக்கிற சோற்றுப்பானையை வெறுங்கையால் இறக்குகிறவள். "எம் மருமவளுக்கு இரும்புக் கை" என்று அம்மா கூட்டேரிப்பட்டு முழுக்கப் பெருமையடித்தாள். கைக்குச் சூடு தெரியாதது நோய் என்று டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. பிறவியிலேயே கழுத்தெலும்பு ஒன்று மண்டைக்குள் ஏறி நரம்பை நெரித்துக்கொண்டிருந்ததாம். போன மாதம் அதைக் கீழே இறக்கி, மண்டையையும் கழுத்தையும் ஸ்க்ரூ போட்டுச் சேர்த்தார்கள். "இதுக்கு மேல மோசமாகாதுங்க. போன உணர்ச்சி திரும்புமான்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

"இருங்க, இன்னொரு வாட்டி பாக்கறேன்" என்று கழுத்துப் பட்டையோடு மெல்லத் திரும்பி மறுபடி தொட்டாள். மறுபடி இழுத்தாள். விரலை ஊதிக்கினே சிரிக்கிறாள்.

பிடரியில் செய்த வேலை விரல் நுனிக்கு எப்படி வந்து சேர்ந்தது? நினைக்க நினைக்க உடம்பு சிலிர்க்கிறது.

எங்கள் அடுப்படியில் பானை பிடிக்கத் துணி என்று ஒன்று இருந்ததே இல்லை. சாயந்திரம் என் பழைய வேட்டியைக் கிழித்து நாலாக மடித்தேன். அம்மாதான் அதை வாங்கி, அடுப்புப் பக்கத்தில் ஆணியில் மாட்டினாள்.