அரிசிக்குள் வைத்த போத்தல்

அடம்பன்,
மன்னார்.
12.02.2025

தம்பி ரவிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்கிறேன். இங்கே நான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், நித்திரை வருகிறது, கால் வீக்கமும் வற்றிவிட்டது.

நீ போனை எடுப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு மாக்கிறட்டின் மகள் தனுசியா இந்தத் தாள்களைப் படம் பிடித்து உன் மனைவியின் போனுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். பிரேமினி உன்னிடம் காட்டுவாள். வேலையால் வந்து காரை நிறுத்திவிட்டு, வீட்டுக்குள் வராமல் அதற்குள்ளேயே இருக்கிறாயாம். சாப்பாடு ஆறிப் போய்விடுகிறதாம். அவள் என்னிடம் குறையாகச் சொல்லவில்லை, பயந்துதான் சொன்னாள். அங்கே இப்போது பனிக்காலம். காருக்குள் இருந்து விறைத்துப் போகாதே.

ஊரில் இந்த முறை மழை போதும். கட்டுக்கரைக் குளம் நிரம்பி, வாய்க்காலில் தண்ணீர் கடைசி வரை வந்தது. நெல் நன்றாக முற்றியிருக்கிறது. பன்றி புகுந்து ஒரு மூலையை உழக்கிவிட்டுப் போயிருக்கிறது, மற்றப்படி குறை சொல்ல ஒன்றும் இல்லை. உயிலங்குளத்தில் இருந்து பெரியம்மா வீட்டார் வந்து இரண்டு நாள் நின்றார்கள். வருகிற எல்லாரும் கப்பலில் என்ன நடந்தது என்று கேட்கிறார்கள். நானும் சொல்கிறேன். சொல்லிச் சொல்லி, அது வேறு யாருக்கோ நடந்தது போல் ஆகிவிட்டது. நீ மட்டும்தான் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. உனக்குப் பாதி தெரியும். மற்றப் பாதி தெரியாது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நாட்டுக்கு வர உனக்குப் பயம் என்று எங்களுக்குத் தெரியும். உன்னைப் பிடித்து வைத்திருந்தவர்கள் உனக்கு என்ன செய்தார்கள் என்று நீ சொல்லவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. சிங்கப்பூருக்கு நீ குடும்பத்தோடு வருவதாகவும், நாங்களும் வந்தால் அங்கிருந்து ஒரு சுற்றுலாக் கப்பலில் ஏறிப் பினாங்கு வரை போய் வரலாம் என்றும் நீ சொன்னபோது, உன் அத்தான் அன்றைக்கு முழுக்க வயலிலேயே கிடந்தார். அடுத்த நாள் மாட்டை அவிழ்த்துக்கொண்டு நின்றவர், பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க எப்ப போறது என்று கேட்டார். அப்படித்தான் அவர் சம்மதம் சொன்னார்.

கப்பலுக்குள் சாராயம் கொண்டுபோக விடமாட்டார்கள், ஆளுக்கு ஒரு வைன் போத்தல் மட்டும்தான் என்று நீ முதலே சொல்லியிருந்தாய். நானும் அவருக்குச் சொன்னேன். சொல்லியும் அவர் கொண்டுவந்தார். கொழுப்பெடுத்துச் செய்த வேலை என்று நீ நினைத்திருப்பாய். அதன் காரணம் உனக்கும் தெரிந்ததுதான், மறந்திருப்பாய்.

உன்னை வெளிநாட்டுக்கு அனுப்பக் கொழும்புக்குக் கொண்டுபோய் விட்டபோது, பஸ் நிலையத்தில் வைத்து அவர் உனக்கு ஒன்று சொன்னாராம். "நீ திரும்பி வா. வயல் வெட்டுற அண்டைக்கு நானும் நீயும் ஒண்டா இருந்து குடிப்பம்." அதுவரை உனக்கு முன்னால் அவர் குடித்ததே இல்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை, உன்னைத்தான் பிள்ளையாக வளர்த்தோம். பிள்ளைக்கு முன்னால் குடிக்கக்கூடாது என்பது அவர் போட்டுக்கொண்ட சட்டம். நீ வளர்ந்துவிட்டாய் என்று சொல்ல அவருக்குத் தெரிந்த வழி அதுதான் போல. பிறகு ஒவ்வொரு அறுவடை வெட்டுக்கும் அதைச் சொல்லுவார். நீ வரவில்லை, அவர் மற்ற ஆட்களோடு குடித்தார்.

பனஞ்சாராயப் போத்தலை அவரே தெரிந்தெடுத்து வாங்கினார். எங்கள் வயல் மொட்டைக்கறுப்பன் அரிசியை ஒரு பையில் போட்டு, நடுவில் போத்தலை இறக்கி, மேலே மறுபடி அரிசி போட்டுத் தைத்தார். சண்டைக் காலத்தில் பேற்றரிக்குத் தடை இருந்தபோது, மாப் பைக்குள் அதை ஒளித்து, ஆமிக்காரர் சோதிக்கிற சென்றியைக் கடந்து கொண்டுவந்த கை அது. நான் பேசினேன். அவர் சிரித்தார். "உயிலங்குளம் சென்றியையே கடந்து வந்தனான். உவங்கள் என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறாங்கள்" என்றார்.

கப்பலில் ஏறிய அன்று உங்கள் எல்லாருடைய பெட்டியும் அறை வாசலுக்கு வந்துவிட்டது, எங்கள் பெட்டி மட்டும் வரவில்லை. கீழ்த் தட்டுக்கு வரச் சொல்லித் துண்டு வந்தது. நீயும் உன் மகள் சுவேதினியும் எங்களோடு வந்தீர்கள். அந்த அறையில் எத்தனை பேர் நின்றார்கள் என்று பார்த்தாயா? எல்லாரும் படித்த ஆட்கள், நல்ல உடுப்புப் போட்டவர்கள். ஒருவர் வாய் கொப்பளிக்கிற மருந்துப் போத்தலுக்குள் ஏதோ நிரப்பி, நீல நிறம் கலந்து கொண்டுவந்திருந்தார். ஒரு பெண்ணின் தலைக்குப் பூசுகிற ஷாம்புப் போத்தலை முகர்ந்து பார்த்துவிட்டுக் காவலர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அங்கே அது ஒரு விளையாட்டுப் போல. பிடிபட்டவர்கள் துண்டை வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவரும் தலை குனியவில்லை. உன் அத்தான் மட்டும் வாத்தியாருக்கு முன்னால் நிற்பது போல் நின்றார்.

பையை அவர்கள் வெட்டினார்கள். அரிசி மேசையில் கொட்டி, நிலத்திலும் பரவியது. போத்தலை எடுத்து அறை இலக்கம் எழுதி ஒட்டினார்கள். கடைசி நாள் இறங்கும்போது தருவதாகச் சொன்னார்கள். அரிசியைக் கொண்டுபோக முடியாது என்று குப்பைக்குள் தள்ளினார்கள். அவர் நிலத்தில் குந்தி, விழுந்த அரிசியைப் பொறுக்கத் தொடங்கினார். சுவேதினியும் பக்கத்தில் குந்தினாள். தமிழ் சரியாக வராத பிள்ளை, ஒன்றும் கேட்காமல் பொறுக்கினாள். அப்போதுதான் நீ பிள்ளையின் கையைப் பிடித்து எழுப்பினாய். "எழும்புங்கோ அத்தான். விடுங்கோ உந்த அரிசியை. ஆக்கள் பாக்கினம். எல்லாத்தையும் சொல்லித்தானே கூப்பிட்டனான், ஏன் இப்பிடி மானத்தை வாங்குறியள்?" என்று கத்தினாய்.

நீ கத்தினது அந்த அறையில் ஒருவருக்கும் விளங்கியிருக்காது. எங்களுக்கு விளங்கியது.

அவர் எழும்பினார். கையில் இருந்த அரிசியைச் சட்டைப் பைக்குள் போட்டார். அறைக்கு வந்து கதிரையில் இருந்து, "போத்தலை வைச்சிருக்கட்டும். அரிசியை ஏன் கொட்டினவங்கள்?" என்று கேட்டார். பிறகும் ஒருக்கால் கேட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. தலையிடி என்று நான் உனக்குச் சொன்னேன். அது தலையிடி இல்லை. உன்னைத் தேற்றுவதற்காக அவருக்கு ஒன்றுமே படவில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். பட்டது.

அடுத்த நாள் நீ வந்து, மேல் தட்டில் உள்ள கடையில் ஏதாவது குடிப்போம் வாருங்கள் என்று கூப்பிட்டாய். அவர் வேண்டாம் என்றார். கோபத்தில்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாய். நீ போன பிறகு, "கடைசி நாள் தருவாங்கள்தானே, அதை எடுத்துக்கொண்டு இறங்கி எங்கையாவது இருந்து குடிப்பம்" என்று என்னிடம் சொன்னார். உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீயும் இன்னொரு முறை கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே மாதிரி, என்ன செய்ய?

பினாங்கில் நீங்கள் ஊர் பார்க்க இறங்கினீர்கள். அவருக்குப் படி ஏறி இறங்க அலுப்பாக இருந்தது. நாங்கள் கப்பலிலேயே நின்றுவிட்டோம். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் மேல் தட்டில் நிழலில் சாய்கதிரைகளில் இருந்தோம். அப்போது நான் உன்னைப் பற்றிக் குறை சொன்னேன். வளர்த்தவரை முன்பின் தெரியாத ஆட்களுக்கு முன்னால் அப்படிப் பேசலாமா என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவனை ஒண்டும் சொல்லாதை. அண்டைக்குக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போகேக்க, சென்றியில வைச்சு நான்தான் அவனுக்குச் சொன்னனான், ஆர் என்ன கேட்டாலும் வாயைத் திறக்காதை எண்டு. கொழும்புக்குப் போகுமட்டும் பெடியன் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. பிளேன் ஏறுமட்டும் கதைக்கேல்லை. என்னாலதான் ஊமையாப் போனானோ எண்டு எத்தனை நாள் நினைச்சனான் தெரியுமோ? இப்ப காவலுக்கு நிக்கிறவனுக்கு முன்னால நிமிந்து நிண்டு கத்துறான். கத்தட்டும்."

உன்னைத் தேற்ற நான் கட்டிச் சொல்லும் கதை இல்லை இது. எனக்கு அவ்வளவு நன்றாகக் கட்ட வராது. சொல்லிவிட்டுச் சிரித்தார். வெயில் படுகிறது என்று தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டார். நான் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நித்திரை கொள்கிறார் என்றுதான் நினைத்தேன். துவாய் எடுக்க வந்த பெண்தான் அவருடைய கை தொங்குவதைப் பார்த்துவிட்டுக் குனிந்து கூப்பிட்டாள். பிறகு ஓடினாள். வைத்தியர் வந்தார், நெஞ்சை அமத்தினார்கள். என்னை வேறு கதிரையில் இருத்தித் தண்ணீர் தந்தார்கள். நான் குடித்தேன். தாகமாகத்தான் இருந்தது.

நீ அவருக்குச் சட்டை வாங்கிக்கொண்டு வந்தாய். அந்தப் பையோடு நீ படியில் ஏறி வந்ததை நான் மேலே இருந்து பார்த்தேன். என்னைக் கண்டதும் கையைத் தூக்கிக் காட்டினாய். உனக்கு அப்போது தெரியாது. அதுவும் எனக்கு வேறு யாருடைய வாழ்க்கையோ போல்தான் இருக்கிறது.

அவரைக் கீழே குளிர் அறையில் வைத்துக்கொண்டு கப்பல் திரும்பியது. மேலே பாட்டு நிற்கவில்லை. பரிமாறுகிற பெடியன் அவருடைய இடத்திலும் தட்டும் கரண்டியும் வைத்தான். எடுக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நீ எழும்பிப் போய்விட்டாய். நான் சாப்பிட்டு முடித்தேன்.

சிங்கப்பூரில் நீ கப்பல் அதிகாரிகளோடு பத்திரங்களுக்கு ஓடித் திரிந்தபோது, வாசலுக்குப் பக்கத்தில் போத்தல்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசை நின்றது. நானும் போய் நின்றேன். ஏன் நின்றேன் என்று இன்றைக்கும் தெரியாது. துண்டு என் கைப்பையில் இருந்தது, கொடுத்தேன். அங்கே வேலைக்கு நின்ற பெண் போத்தலைத் தந்து, சிரித்து, மறுபடியும் வாருங்கள் என்ற மாதிரி ஏதோ சொன்னாள். நானும் தலையாட்டினேன். அதை ஊருக்குக் கொண்டுவந்தேன். எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவு அன்று அவருடைய படத்துக்கு முன்னால் மற்றப் படையலோடு வைத்தோம். பிறகு வந்திருந்த ஆம்பிளைகள் பின் வளவில் இருந்து குடித்து முடித்தார்கள். உனக்கென்று கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. வெறும் போத்தலை மாக்கிறட் மண்ணெண்ணெய் வைக்க எடுத்துக்கொண்டு போனாள்.

நான் இன்னும் அழவில்லை. அழு, இல்லாவிட்டால் உடம்புக்கு வருத்தம் வரும் என்று மாக்கிறட் பேசுகிறாள். மடு மாதா கோயிலுக்கு நேர்த்தி வைத்திருக்கிறாளாம், நான் அழவேண்டும் என்று. வரும்போது வரட்டும்.

விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ நின்றாய். அவரை வைத்த பெட்டியோடு கொழும்புக்கு நான் தனியாகத்தான் வந்தேன். நீ என்னோடு விமானம் ஏறவில்லை என்று பெரியம்மா வீட்டில் கதைத்தார்கள். நான் அவர்களுக்குச் சொன்னேன், அவனை அந்த வழியால் வெளியே கொண்டுபோய் விட்டவரே இவர்தான், திரும்பக் கொண்டுவர அவர் விரும்பியிருக்கமாட்டார் என்று. அதற்குப் பிறகு அந்தக் கதை இல்லை. நீயும் அதை வைத்து உன்னை வருத்தாதே. பிள்ளைக்கு நேரத்துக்குச் சாப்பாடு கொடு, அவளோடு தமிழில் கதை. பிரேமினியைத் தனியே விடாதே.

இனி உன்னிடம் ஒரு காரியம் கேட்க வேண்டும். அடுத்த கிழமை வயல் வெட்டு. நேற்று மெசின்காரன் வந்து, எந்தப் பக்கத்தில் இருந்து தொடங்குவது, மேல் துண்டா கீழ்த் துண்டா என்று கேட்டான். எந்த இடம் ஈரம், எந்த இடம் முதலில் காயும் என்று உன் அத்தானுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது. தம்பியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். நீ அந்த வயலைக் கண்டு எத்தனை காலம். உனக்கும் தெரியாது என்று எனக்குத் தெரியும்.

ஆனாலும் கேட்பேன். ஞாயிற்றுக்கிழமை, நீ வேலைக்குப் போகாத காலையில் எடுப்பேன். போனை எடு, ராசா. மேல் என்றோ கீழ் என்றோ ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டு வை. பிழையாக இருந்தாலும் பரவாயில்லை. நீ சொன்ன பக்கத்தில் இருந்துதான் வெட்டுவிப்பேன்.

கேதீச்சரநாதர் உனக்கும் உன் குடும்பத்துக்கும் துணை நிற்கட்டும்.

உன்னை வளர்த்த அக்கா,
சிவராணி