தாளில் வராத சுவர்

2024 ஜனவரி 8, திங்கள்

இன்று முழுதும் பெயர் வைக்கிற வேலை. எங்கள் அலுவலகத்தில் கணினியில் வரைகிற கெட் படங்களில், அடுக்கடுக்காகக் கிடக்கிற லேயர்களுக்கு இருக்கிற பெயர்களைப் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும். ‘புதுசு’, ‘றிப்தி 2’, ‘கடைசி’, ‘கடைசியோ கடைசி’. றிப்தி வேலையை விட்டுப் போய் மூன்று வருடம். அவன் பெயரில் இன்னும் கக்கூஸ் குழாய் ஓடுகிறது. சுவர், கூரை, வடிகான், கதவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு நிறம். முப்பத்தாறு பெயரைப் பட்டியலாக எழுதி எல்லாருக்கும் அனுப்பினேன். மற்றவர்கள் சிரித்தார்கள். எஞ்சினியர் கேதீசன் மட்டும் முப்பத்தாறையும் உட்கார்ந்து வாசித்தார். “இனி ஆரும் பிழை விட ஏலாது, ஷாமிளா” என்றார். கேகாலைக்கு வந்த பிறகு என் வேலையை வேலையாக ஒருவர் மதித்தது இதுதான் முதல் தடவை.

ஜனவரி 30

பதினெட்டு வீட்டுத் திட்டம் வரைந்து முடித்தேன். எங்கள் தோட்டத்துக்கு, லயத்து வரிசைக் காம்பராக்களில் இருக்கிற எங்கள் சனத்துக்கு. பதினோராம் வீடு அப்பா அம்மாவுக்கு. பின்னால் மண்மேடு செங்குத்தாக நிற்கிறது. அரநாயக்கவில் மலை சரிந்து இறங்கியதைப் பார்த்தவர்களுக்கு வேறு சொல்லத் தேவையில்லை. மேட்டைத் தாங்க நீளச் சுவர் ஒன்று போட்டேன். அதற்குத் தனி லேயர், சிவப்பு. இனிக் கேதீசன் சரிபார்த்து அச்செடுப்பார்.

பெப்ரவரி 2

படத்தைக் கட்டுகிறவர்களுக்கு அனுப்பியாயிற்றாம். நிம்மதி.

பெப்ரவரி 25, ஞாயிறு

வீட்டுக்குப் போனேன். அத்திவாரம் எழும்பிவிட்டது. பின்னால் சுவருக்குக் கிடங்குகூட வெட்டவில்லை. வேலை செய்கிற மேசன் பாஸிடம் கேட்டேன். கையெழுத்தான தாளை விரித்து, “ப்ளேன் ஏகே நே, மிஸ்” என்றார். உண்மைதான், ப்ளேனில் இல்லை. மூலையில் ‘வரைந்தவர்’ என்ற கட்டத்தில் என் பெயர் இருக்கிறது.

அப்பா பக்கத்துக் காம்பரா கருப்பாயி அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “எம் மகதான் வரைஞ்சது. அவ பாத்துத்தான் செஞ்சிருப்பா.”

எங்கே விட்டேன்? எப்படி?

பெப்ரவரி 26

கோப்பைத் திறந்தேன். சுவர் இருக்கிறது! அதே இடத்தில், சிவப்பாக. அச்செடுத்தேன் — தாளில் இல்லை. திரும்ப எடுத்தேன் — இல்லை. சுவரைத் தொட்டு லேயர் பெயரைப் பார்த்தேன். நான் வைத்த பெயர் அல்ல. டெப்பொயிண்ட்ஸ். கெட் தானாகவே உண்டாக்கிக்கொள்ளும் லேயர் அது. அதில் கிடக்கிற கோடு திரையில் தெரியும், தாளில் ஒருநாளும் வராது. அதில் எதையும் போடாதீர்கள் என்பதுதான் என் பட்டியலின் முதல் வரி. கடைசியாகச் சேமித்தது பெப்ரவரி 1, கேதீசனின் கணினியில். நிறத்தைக்கூட மறக்காமல் சிவப்பாக்கி வைத்திருக்கிறார்.

போய்க் கேட்டேன். கதவைச் சாத்தினார். “சித்திரைக்கு முதல் திறப்பு விழா எண்டு மேல சொல்லிப்போட்டினம். சுவர் எண்டால் இன்னும் மூண்டு மாசம் இழுக்கும். நான் அழிக்கேல்லையே, ஷாமிளா. திறந்து பாத்தா கிடக்குதுதானே.”

அழித்திருந்தால் எனக்கு உடனே தெரிந்திருக்கும். தெரியக்கூடாது என்றுதானே... எங்கப்பா அம்மா படுக்கப்போற வூடு அது. தெரிஞ்சே செஞ்சாரு. என் பட்டியல அவ்வளவு அக்கறையா வாசிச்சது இதுக்குத்தானா? பாவி.

பெப்ரவரி 29

சுவரை அதன் லேயருக்கே மாற்றி அச்செடுத்து, மண்சரிவு பார்க்கிற அதிகாரிகளிடம் கொடுத்தேன். மாலையில் அலுவலகத்தில், இனி எனக்கு அங்கே வேலை இல்லை என்றார்கள்.

மார்ச் 6

கட்டட வேலை நின்றுவிட்டது. அம்மா போனில் அழுகிறார். “கெடைக்கப்போற வூட்டையும் கெடுத்துப்புட்டியேடி! லயத்துல யாரும் எங்களோட பேசுறதில்ல.” சுவரைப் பற்றிச் சொன்னேன். “அத அப்புறமா கட்டிக்க முடியாதா?” என்கிறார்.

ஜூன் 16, ஞாயிறு

இரண்டு வாரமாகச் சுவர் எழும்புகிறது. அதிகாரிகள் கேட்ட புதுப் படத்தோடு தோட்டத்துக்கு வந்தவர் கேதீசன். சுவர் இல்லாமல் ஒரு வீடும் கட்ட விடமாட்டேன் என்று கூட்டத்தில் பேசினாராம். பழைய படத்தில் அது விடுபட்டது வரைந்த பிள்ளையின் கவனக்குறைவு என்றும் சொன்னாராம். கருப்பாயி அக்கா அவருக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார். பிழை விட்டதும் நான், புகார்ப் பெட்டிசம் அடித்து வேலையை நிறுத்தியதும் நான் என்று தோட்டமே நம்புகிறது.

சாப்பிடும்போது அப்பா மெதுவாக ஆரம்பித்தார். “நல்ல மனுசன்மா. ஒன்மேல கோவமே இல்லங்கிறாரு. ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுட்டு மறுபடி வேலைக்குப் போயேன்.”

யோசிக்கிறேன் என்றேன். அவர் சுவரை ஒளித்த பழைய கோப்பின் பிரதி, திகதியோடு, என்னிடம் இருக்கிறது. சுவர் இன்னும் இடுப்பளவுதான். இப்போது வாயைத் திறந்தால் விசாரணை என்று வேலை மறுபடி நிற்கும். பதினெட்டு வீட்டுக்கும் பின்னால் அது முழுதாக எழும்பட்டும். அதுவரைக்கும் அவர் நல்ல மனுசன்தான்.