அடிப்பூச்சு: சிவப்பு

ஜூன் 11, செவ்வாய்

இன்றைக்கும் நாற்காலி. பழைய தந்தி அலுவலகத்தின் முன்கூடத்திலிருந்து பின்கூடத்துக்கு நாற்பது நாற்காலிகளைத் தூக்கிப் போட்டோம். மதியம் தகவல் வந்தது, அடுத்த வாரம் வரப்போகும் விருந்தினர் முன்கூடத்தில்தான் உட்காருவாராம். திரும்பவும் நாற்பது.

இந்தப் பயிற்சிக்குப் பெயர் 'மரபுக் கட்டடப் பாதுகாப்பில் வளரும் தலைவர்கள்'. கழுத்தில் தொங்கும் அட்டையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆறு மாதத்தில் மூன்று போய்விட்டது. ஒருங்கிணைப்பாளர் மேடம் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. "லீடர், அந்த ஓரத்தைப் பிடி." "லீடர், டீ வந்துச்சா பாரு."

என்னோடு இருக்கும் இன்னொரு லீடருக்கு மனசுக்குள் பேச்சாளர் என்று பெயர் வைத்திருக்கிறேன். நாற்காலியைத் தொடும்போது மட்டும் அவனுக்கு போன் வரும்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அதனால் அப்பா தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் "பொண்ணு தலைவர் பயிற்சியில இருக்கு" என்று சொல்லி வைத்திருக்கிறார். எதற்குத் தலைவர் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் நாற்காலிக்கு என்று சொல்ல வேண்டியதுதான்.

ஜூன் 12, புதன்

இந்தக் கட்டடத்தைப் பற்றிய அறிக்கை அச்சாகி வந்துவிட்டது. பக்கம் பதினான்கு: "இக்கட்டடத்தின் இரும்புத் தூண்களுடைய ஆதி நிறம் சிவப்பு."

நான் அப்படி எழுதவே இல்லை.

ஜூன் 13, வியாழன்

கோபம் ஆறட்டும் என்று நேற்று அதோடு நிறுத்தினேன். ஆறவில்லை.

போன மாதம் பன்னிரண்டு தூண்களையும் சுரண்டிப் பார்த்தது நான்தான். சின்ன பிளேடை வைத்து, ஒரு அங்குல அகலத்துக்கு, ஒவ்வொரு பூச்சும் ஒரு படியாகத் தெரிகிற மாதிரி. மேலே யானைத்தந்த நிறம், அதற்கடியில் பச்சை, காப்பி நிறம், மறுபடி பச்சை, புறா நிறம். கடைசியாகச் சிவப்பு. அப்புறம் இரும்பு. பன்னிரண்டிலும் இதே வரிசை. அறிக்கைக்காகக் கொடுத்த தாளில் கடைசி வரியாக "அடிப்பூச்சு: சிவப்பு" என்று எழுதினேன்.

அடிப்பூச்சு என்றால் பிரைமர். துருப் பிடிக்காமல் இருக்க இரும்புக்கு முதலில் அடிப்பது. அதை யாரும் பார்ப்பதற்காக அடிப்பதில்லை. அதன்மேல்தான் நிறம் வரும். அந்தத் தூண்கள் முதன்முதலில் ஊர் கண்ணுக்குத் தெரிந்தது புறா நிறத்தில். இதை விளக்கி வேறு எழுத வேண்டுமா, எல்லாருக்கும் தெரியும்தானே என்று நினைத்தேன். அது என் தப்பு.

மேடத்திடம் போய் நின்றேன். "மேடம், பதினாலாம் பக்கத்துல..."

"ஆமா, நான்தான் மாத்தினேன். அடிப்பூச்சுன்னு கொஞ்சம் கொச்சையா இருந்துச்சு. ஆதி நிறம்னு போட்டேன். வாக்கியம் எப்படி நிக்குது பாரு."

நிற்கத்தான் செய்கிறது. தப்பாக நிற்கிறது.

"அது பிரைமர் மேடம்" என்றேன். அதற்குள் அவருக்கு போன் வந்துவிட்டது. என் குரல் எப்போதும் மற்றவர்களுக்கு போன் வரும் நேரம் பார்த்துத்தான் வெளியே வருகிறது.

ஜூன் 14, வெள்ளி

மின்னஞ்சல் அனுப்பினேன். பிரைமர் என்றால் என்ன, தூண்களின் உண்மையான முதல் நிறம் எது, எல்லாம் பன்னிரண்டு வரியில். பதில்: "குறித்துக்கொண்டோம்."

எங்கே குறித்துக்கொண்டார்கள் என்று தெரியவில்லை. பேனர் சிவப்பு. அழைப்பிதழ் சிவப்பு. கழுத்தில் தொங்கும் அட்டையின் நாடாவைக் கூட சிவப்பாக மாற்றிவிட்டார்கள்.

விருந்தினர் முன்னால் பேசப்போகிறவன் பேச்சாளர். ஒத்திகை என் தலையில். "தந்தின்னா அவசரம். அவசரம்னா சிவப்பு. அதனாலதான் அன்னைக்கே இந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்திருக்காங்க. எப்படி இருக்கு?"

"அது துருவுக்கு அடிச்சது."

"நீ ஏன் எப்பப் பாரு நெகட்டிவாவே பேசற?"

எப்பப் பாருவா? மூன்று மாதத்தில் அவனிடம் நான் பேசியது முப்பது வாக்கியம் தேறாது.

ஜூன் 17, திங்கள்

பெயிண்ட் வேலைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். பழைய பூச்சு முழுவதையும் மருந்து போட்டு இரும்பு வரைக்கும் உரித்துவிட்டு, புதுசாகப் பிரைமரும் அதன்மேல் சிவப்பும் அடிப்பது திட்டம். வெள்ளிக்கிழமை விருந்தினருக்குக் காட்ட முன்தூண்கள் இரண்டு. மீதிப் பத்தும் அடுத்த திங்கள்.

உரித்துவிட்டால் முடிந்தது. அப்புறம் எதைக் காட்டிச் சொல்வது, என் தாளையா? அதில்தான் ஆதி நிறம் ஏறி உட்கார்ந்திருக்கிறதே. மறுபடி மேடத்திடம் போனேன். "ஃபைல் மேல போயாச்சு லீடர், இப்ப வந்து குழப்பாதே" என்றார்.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அப்பா பெயிண்டர். விஷயம் புரிந்ததும் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். "பிரைமரையா? பிரைமரைப் போய் ஆதி நிறம்னு புக்கு போட்டுட்டாங்களா? அப்ப நான் இருபத்தெட்டு வருஷமா ஊர்ல இருக்கிற கேட்டுக்கெல்லாம் ஆதி நிறம் அடிச்சிருக்கேன்."

அப்புறம் முகம் மாறிவிட்டது. "நீ ஒண்ணும் சொல்லிக்கிட்டு நிக்காதம்மா. சர்டிபிகேட்ட வாங்கிட்டு வா. பெயிண்டுதானே, திரும்ப அடிச்சிக்கலாம்."

"அடிச்சிக்கலாம்பா. எந்த நிறம் அடிக்கிறதுன்னு யாருக்குத் தெரியும்?"

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டா என்ன சொல்லுவ?" என்றார்.

"புத்தகத்துல படிச்சேன்னு சொல்லுவேன்."

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு, விரலில் காய்ந்திருந்த பெயிண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பயிற்சி விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'சுயதொழில்' என்று எழுதியிருந்தேன். அது அப்பாவுக்குத் தெரியாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஜூன் 19, புதன்

முன்தூண்கள் இரண்டும் சிவப்பு. தீயணைப்பு நிலையம் மாதிரி இருக்கிறது. மேடம் அவற்றுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

ஜூன் 20, வியாழன்

எனக்குப் பேச வராது. சுரண்ட வரும். எழுத வரும்.

காலையில் யாரும் வருவதற்குமுன் போய், மூன்றாவது தூணில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம் திறந்தேன். ஆறு பூச்சு, ஆறு படி. ஒவ்வொரு படிக்குப் பக்கத்திலும் ஒரு காகிதத் துண்டு ஒட்டினேன். ஐந்தாவதில்: "புறா நிறம். கட்டடம் திறந்தபோது தூண் இப்படித்தான் இருந்தது." ஆறாவதில்: "சிவப்பு. பிரைமர். இது நிறம் இல்லை."

மூன்றாவது தூண் ஏன் என்றால், விருந்தினரின் நாற்காலி அதற்கு இரண்டடி தள்ளித்தான் இருக்கிறது. அவர் எங்கே உட்காருவார் என்று இந்த உலகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் கிடையாது.

மேடம் கண்ணில் பட்டால் நாளைக்கே அட்டையைக் கழற்றி வாங்கிவிடுவார். அப்பாவிடம் என்ன சொல்வேன்?

ஜூன் 21, வெள்ளி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

விருந்தினர் ஒரு அம்மையார். நகர மரபுக் குழுவின் தலைவர், இந்த வேலைக்கெல்லாம் அனுமதி கொடுப்பவர். பேச்சாளர் "அவசரம் என்றால் சிவப்பு" வரைக்கும் வந்துவிட்டான். அம்மையார் அவனைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்துத் தூணைப் படித்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்தே போய்விட்டார். பேச்சாளர் வாயைத் திறந்தபடி நின்றான்.

"யார் எழுதினது இது?"

"நம்ம லீடர்ஸ் டீம்தான்" என்றார் மேடம். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் அதுவரை பார்க்கவில்லை.

"எந்த லீடர்?"

பள்ளிக்கூடத்தில் மாதிரி கையைத் தூக்கினேன்.

"இது பிரைமர்னு உனக்கு எப்படித் தெரியும்மா?"

புத்தகம் என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"எங்கப்பா பெயிண்டர்."

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. கூடம் எதிரொலித்தது. பின்னால் வாளியோடு நின்ற பெயிண்ட் ஆட்களில் பெரியவர் சிரித்துவிட்டார். "பிரைமர்தாங்க அது. நாங்க வந்த அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏங்க சொல்லல?" என்றார் அம்மையார்.

"யாரும் கேக்கலையேங்க."

மீதிப் பத்துத் தூண்களையும் யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு அம்மையார் டீ கூடக் குடிக்காமல் போனார்.

எல்லாரும் போன பிறகு மேடம் என்னிடம் வந்து மெதுவான குரலில், "இதை என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே லீடர்" என்றார்.

நேரில் இரண்டு தடவை. மின்னஞ்சலில் ஒரு தடவை. குறித்துக்கொண்டோம். கு றி த் து க் கொ ண் டோ ம்.

நாற்காலிகளை அடுக்கினேன்.

ஜூன் 22, சனி

அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். கூடத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டார். நாற்பது என்றேன்.

"அத்தனை பேர் முன்னாடி பெயிண்டர்னே சொன்னியா?"

"ஆமா."

சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். "பேரையும் சொல்லியிருக்கலாம்ல?"

ஜூலை 9, செவ்வாய்

என் சதுரத்திலிருந்து நகக்கண் அளவு சில்லு எடுத்து ஆய்வுக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வந்துவிட்டது. முதல் நிறம் புறா நிறமேதான். முந்நூறு அறிக்கையிலும் பதினான்காம் பக்கத்தில் திருத்தச் சீட்டு ஒட்ட வேண்டும். யார் ஒட்டுவார்? லீடர்.

பேச்சாளர் புதுப் பேச்சு தயார் செய்துவிட்டான். "புறான்னா செய்தி கொண்டு போற பறவை. தந்தியும் செய்தி. அதனாலதான் அன்னைக்கே இந்த நிறத்தை..."

பசை டப்பாவைப் பார்த்துக்கொண்டே நூறு வரை எண்ணினேன்.

ஜூலை 19, வெள்ளி

முன்தூண்கள் இரண்டிலும் சிவப்பை உரிக்கவில்லை. உரித்தாலும் அதனடியில் பழசு ஒன்றும் மிச்சமில்லை. மேலேயே புறா நிறம் அடித்துவிட்டார்கள். அந்த இரண்டுக்கும் புதுத் தாள் எழுதச் சொன்னார்கள். எழுதி மேடம் மேசையில் வைத்தேன்.

படித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். "இது கொஞ்சம் கடுமையா இருக்கே. 'இடைக்கால வண்ணம்'னு மாத்திடலாமா?"

"வேண்டாம் மேடம். நாளைக்கு யாராவது சுரண்டிப் பார்த்தா அவங்களுக்குத் தெரியணும்."

அவர் போன் அடித்தது. அது அடித்து ஓயும் வரைக்கும் நான் அங்கேயே நின்றேன். பேனாவை மூடி வைத்தார்.

ஃபைலில் போட்ட தாளின் நகல் இது:

தூண் 1, 2. இரும்பிலிருந்து மேல் நோக்கி.
அடிப்பூச்சு: சிவப்பு.
அதன்மேல்: சிவப்பு. தவறு, எங்களுடையது.
அதன்மேல்: புறா நிறம்.