மேல் மூலைக் கண்ணாடி

ஜூன் 3, செவ்வாய்

ரேஞ்சில் இன்றும் அசிங்கம். துப்பாக்கிக் குழல் முனையில் நிற்கும் குறிமுள் புகையாகக் கலங்கித் தெரிகிறது. தூரத்து டார்கெட் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. அது இருந்து என்ன செய்ய? முள் தெளிந்தால்தானே குண்டு ஒழுங்காகப் போகும். இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார்: "மாரீஸ்வரி, இருபத்திரண்டாம் தேதி செலக்ஷன். இந்தத் தடவ ஸ்கோர் வரலன்னா போலீஸ் ஷூட்டிங் டீம்லருந்து ஒன் பேர எடுத்துருவாகம்மா." ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் நான் யாரோ ஒரு ஏட்டம்மா. ரேஞ்சில் படுத்தால்தான் நான் நான்.

ஜூன் 5

ராஜபாளையத்தில் ஜெபின் கண்ணாடிக் கடை. சுவரில் இருந்த எழுத்தைக் கடைசி வரி வரை வாசித்தேன். "தூரப் பார்வை நல்லாத்தான இருக்கு, படிக்க மட்டும் போடுங்க" என்கிறார் கடைக்காரர் ஜெபின். துப்பாக்கி நீளத்தில் முள் தெரிய வேண்டும் என்றேன். சிரித்தார். எரிச்சலாக வந்தது.

ஜூன் 8, ஞாயிறு

துப்பாக்கியைக் கடைக்குக் கொண்டுபோக முடியுமா? வேலை போய்விடும். வீட்டுக்காரர் ஒரு பிளாஸ்டிக் பைப்பை அதே நீளத்துக்கு அறுத்து, முனையில் ஆணி குத்திக் கொடுத்தார். "ஏட்டி, இதத் தூக்கிட்டு பஸ்ல போனா ஒன்னையவே புடிச்சி உள்ள வச்சிருவாக" என்று கிண்டல் வேறு.

கடைத் தரையில் குப்புறப் படுத்து, பைப்பில் கன்னம் வைத்துக் காட்டினேன். வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும். ஜெபின் இம்முறை சிரிக்கவில்லை. பக்கத்தில் தானும் படுத்துப் பார்த்தார். "அக்கா, நீங்க லென்ஸோட நடுவுல பாக்கவே இல்ல. மூக்கோரமா, மேல் மூலையில பாக்கிய. சென்டர அங்க தள்ளணும்." வேறு லென்ஸைச் சாய்த்துப் பிடித்தார். ஆணித் தலை தெரிந்தது! எம்புட்டு நாளாச்சு இப்படிப் பார்த்து.

ஜூன் 14

கண்ணாடி வரவில்லை. மதுரையில் லென்ஸ் அறுக்கிறார்களாம்.

ஜூன் 20, வெள்ளி

வந்தது. போட்டுப் படுத்தேன். அதே புகை.

ஜெபின் மதுரைக்குப் போன் போட்டார். சென்டர் மூலைக்குப் போயிருக்கிறதே, யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்து, அங்கே அறுக்கிற மாஸ்டர் அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டாராம். "பாவம், யாரோ ஒரு பொம்பள, தலவலி வந்துரும்னு சரி பண்ணுனேன்." நாசமாப் போன நல்ல மனசு! யாரைத் திட்ட? மறுபடி செய்ய ஒரு வாரமாகும். செலக்ஷன் நாளை மறுநாள்.

ஜூன் 22

மூக்குத்தாங்கிக்கு அடியில் பஞ்சு ஒட்டி, லென்ஸின் நடு கண்ணுக்கு நேரே வரும்படி கண்ணாடியைத் தூக்கி நிறுத்திக்கொண்டு படுத்தேன். முதலில் நன்றாகத்தான் போனது. பொறவு வேர்வையில் பஞ்சு நனைந்து சரிந்தது. கையெடுத்துச் சரி செய்ய, மறுபடி சரிய — போச்சு. எல்லாம் போச்சு.

ஜூன் 23

பேரை எடுத்தாச்சு. என் இடத்தில் பாண்டிசெல்வி, ஆயுதப்படைப் பிள்ளை. சோறு இறங்கவில்லை.

ஜூன் 28

ஜெபின் போன். "அக்கா, இந்த வாட்டி சரியா வந்துருக்கு, வாங்க." அங்கேயே இருக்கட்டும் என்றேன்.

ஜூலை 2, புதன்

டீம் பயிற்சிக்கு என்னைக் குழியில் போட்டார்கள். டார்கெட்டுக்கு அடியில் பள்ளத்தில் உட்கார்ந்து, துளை விழுந்த இடத்தைக் கம்பால் காட்டி, காகிதம் ஒட்டும் வேலை. இடைவேளையில் பாண்டிசெல்வி இறங்கி வந்தாள். "அக்கா, கொஞ்ச நாளா எனக்கும் முள்ளு மங்கலாத் தெரியுது. சார்ட்ட சொல்லிராதிய. ஒங்க கண்ணாடிக்காரர் நம்பர் தாரியளா?"

தரக்கூடாது என்றுதான் முதலில் தோன்றியது. கொடுத்தேன். "சென்டர் மூலையிலதான் இருக்கணும், கை வைக்காதியன்னு மதுரை மாஸ்டர்ட்ட நீயே சொல்லிரு" என்றேன். "சரிக்கா" என்று ஓடினாள்.

மறுபடி சுட ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்தில் வாய்விட்டு அழுதேன். யாருக்கும் கேட்டிருக்காது.