அவள் சொன்னால் மட்டும்

கிரீன்வுட், மிசிசிப்பி
வியாழன்

என்னவருக்கு,

உப்பைக் குறைக்கச் சொல்லிப் பத்தொன்பது வருடம் கெஞ்சினேன், சிரித்தீர்கள். சர்ச்சில் அந்த நர்ஸ் வெர்லீன் உங்கள் கையைப் பிடித்து பிரஷர் பார்த்து, "நூத்தித் தொண்ணூறு! பக்கவாதம் வந்துடும், பிரதர்" என்றாள். அன்றே உப்பில் ஊறிய பன்றிக்கறியை விட்டுவிட்டீர்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. ஞாயிறன்று கீரையில் உப்பிட்ட பன்றிக்காலை வேண்டுமென்றே போட்டேன். நீங்கள் தொடவில்லை. சட்டி முழுவதையும் நான்கு நாளாக நானே தின்றேன்.

இன்று கண் இருட்டிக்கொண்டு வந்தது. நீங்கள் வேலைக்குப் போயிருந்தீர்கள்; வேறு வழியில்லாமல் அவளைத்தான் கூப்பிட்டேன். "இருநூத்திப் பத்து, சிஸ்டர்! இத்தனை நாள் பார்க்கவே இல்லையா?" என்று என் தோளை அணைத்துக்கொண்டாள். அவள் கை இதமாக இருந்தது. அதனாலேயே இன்னும் எரிகிறது.

அவள் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். இதைப் பார்த்ததும் வாருங்கள். அவள் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டாம். நான் சொல்லி ஒருமுறை வாருங்கள்.

உங்கள் மனைவி